அடம் பிடிப்பது பிள்ளையா, மாத்திரையா?

வைசோலோன், ஒம்னாகார்டில்... இந்தப் பெயர்களில் ஒன்று உங்க வீட்டு மருந்து டப்பாவில் இருந்தால் இது உங்களுக்குத்தான். இல்லாதவர்களும் படிச்சு வையுங்க, பக்கத்து வீட்டுக்கு உதவும்.

என் ஐந்து வயசுப் பையனுக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் ஒழுகிப் போகிற வியாதி. காலையில் கண் ரெண்டும் வீங்கியிருக்கும். கொசு கடிச்சிருக்கும், சளியா இருக்கும்னு ஒரு வாரம் ஓடிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரைக்கு நல்லாவே கேட்கும். அவனுக்கும் கேட்டது. வீக்கம் வடிஞ்சது.

ஆனா வீட்டில் வேறொரு பையன் இருந்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தயிர்சாதம் கேட்பான். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் ஊறுகாய், அப்பளம் கிடையாது, அதுக்கு ஒரு அழுகை. பென்சில் உடைஞ்சா தங்கச்சி முதுகில் ஒரு அடி. அஞ்சு நிமிஷத்தில் அம்மா மடியில் விழுந்து தேம்புவான். இங்கே மௌலா அலியில் ஸ்கூல் மிஸ் 'அல்லரி' ஜாஸ்தின்னு தெலுங்கில் புகார் சொன்னாங்க. ஊரிலிருந்து போனில், "தனியா இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க"ன்னு தீர்ப்பு. (தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லாத வீட்டுக்கு இந்தத் தீர்ப்பு இலவசம்!)

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் முகம் உப்பும், எடை கூடும், பிரஷர் பார்க்கணும்னு எல்லாம் இருந்தது. குணம் மாறும்னு ஒரு வரி இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1999லேயே 'பீடியாட்ரிக்ஸ்' இதழில், இதே வியாதி உள்ள பத்துப் பிள்ளைகளைக் கவனித்து ஒரு ஆய்வு வந்தது. மருந்தளவு கூடினப்போ பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருந்தன. நம்ம உடம்பே சுரக்கிற கார்டிசாலுக்கு உறவுக்கார மருந்து இது. மூளைக்கும் போகும், தூக்கம், பசி, கோபம் மூணையும் கலைக்கும். அளவும் சின்னது இல்லை. இந்தியக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர்கள் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல்படி, முதல் தடவை ஆறு வாரம் தினமும் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 15 கிலோ பிள்ளைக்கு 30. அப்புறம் இன்னொரு ஆறு வாரம், குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

சொன்னா பெற்றோர் பயந்து மாத்திரையை நிறுத்திடுவாங்கன்னு ஒரு வாதம் கேட்டிருக்கேன். எனக்கு இது தலைகீழாப் படுது. சொல்லாததால்தான் பிள்ளை ஏன் இப்படி ஆனான்னு புரியாமல் சில வீடுகளில் அடி விழுது. சில வீடுகளில் ரகசியமா பாதி மாத்திரை குப்பைக்குப் போகுது. ரெண்டாவது உயிருக்கே ஆபத்து. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டதும் அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். சட்டுனு நிறுத்தினா உடம்புக்குக் கைகொடுக்க ஆளில்லை.

அதுக்காக, ஜாஸ்தி நாள் கொடுத்தால் நல்லதுன்னும் இல்லை. மூணு மாசம் போதுமா, ஆறு மாசம் வேணுமான்னு இந்திய ஆஸ்பத்திரிகளில் சோதித்து 2015ல் முடிவு வெளியிட்டாங்க. நீட்டித்ததால் பெரிய லாபம் இல்லை. "எப்போ குறைப்பீங்க டாக்டர்?" என்று தைரியமாக் கேளுங்க. காலையில் சாப்பாட்டுக்கு அப்புறம் மொத்தமாக் கொடுக்கலாமான்னும் கேளுங்க. ராத்திரித் தூக்கம் கொஞ்சம் தப்பிக்கும். பிள்ளை தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்துற அளவுக்குப் போனா, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அளவு குறையக் குறைய பெரும்பாலும் பழைய பிள்ளை திரும்பி வருவான். எங்க வீட்டிலும் வந்தான். ஆனா இந்த வியாதி அநேகம் பேருக்குத் திரும்பத் திரும்ப வரும், மாத்திரையும் கூடவே வரும். அதனால் ஒரு தாளில் மருந்து பெயர், எத்தனை வாரம், என்னென்ன மாறும் என்று எழுதி டாக்டர் கையெழுத்தோடு வெச்சிருக்கேன். ஒரு காப்பி ஸ்கூல் மிஸ்ஸுக்கு. இன்னொண்ணு ஊருக்கு.