முடியும் என்று காட்டிய அரசு

அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஓர் இரவு எடுத்த கணக்கில் வீடற்றவர்கள் 7,70,000-க்கும் அதிகம் என்ற செய்தியைவிட, அதே அறிக்கையில் இருந்த இன்னோர் எண்தான் என் மனத்தை விட்டு அகலவில்லை. மொத்தக் கணக்கு ஏறியபோதும் முன்னாள் படைவீரர்களின் கணக்கு இறங்கியிருக்கிறது. 2010-இல் சுமார் 74,000 பேர், 2024-இல் 33,000-க்கும் குறைவு. 1932-இல் போனஸ் கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டுத் தங்கிய முதல் உலகப் போர் வீரர்களை ராணுவத்தை ஏவி விரட்டிய அரசுதான், பின்னாளில் வாடகையில் பெரும்பங்கைத் தானே ஏற்று, மருத்துவத்துக்கும் மனநலத்துக்கும் துணையாக ஆள் அனுப்பி இதைச் சாதித்திருக்கிறது. ஆக, வீடின்மை தலைவிதி அல்ல. அரசு மனம் வைத்தால் தீரும். பிறகு ஏன் மற்றவர்களுக்கு அந்த மனம் வருவதில்லை? பாதுகாப்புக்கு ஆண்டுக்கு 80,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கும்போது எழாத ‘பணம் எங்கே?’ என்ற கேள்வி, பிள்ளையோடு காரில் உறங்கும் தாய்க்கு வீடு என்றதும் எழுகிறது. அதே 2024 ஜூனில், பொதுவெளியில் படுப்பவர்களைத் தண்டிக்க நகரங்களுக்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவருக்கு வீடு தருவது நியாயமே. ஆனால் கூரைக்கான உரிமையைப் போர்க்களத்தில் போய்ச் சம்பாதிக்க வேண்டியதில்லை. குடிமகனாக இருப்பதே அதற்குப் போதும்.