மெல்லிசை மேடையில் நான்கு தந்திக்காரர்

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் புதுவாயலைச் சூழ்ந்த ஊர்களில் இரவு இருளுடையதாக இராது. மேற்கே ஆரணி வழியாகச் செல்லும் சாலையில், பெரியபாளையத்துப் பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை நேர்ந்துகொண்டோர் கூட்டம் கூட்டமாகச் செல்வர். வடக்கே கும்மிடிப்பூண்டி வரையிலும், தெற்கே தச்சூர்க் கூட்டுச்சாலை வரையிலும், சிற்றூர்தோறும் அம்மனுக்குக் கூழ் வார்ப்பர். பகலெல்லாம் கூழும் கும்பமும் ஆயின், இரவில் திடலிலே மேடை கட்டி இன்னிசைக் கச்சேரி நடத்துவர். மெல்லிசைக் குழுவொன்று வேனில் வந்து இறங்கும். பாடுவோரை ஊரார் அன்றே அறிந்துகொள்வர். அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வர். கீபோர்டு வாசிப்பவரையும் சிறிது அறிவர். டிரம்ஸ் அடிப்பவரைச் சிறுவர்கள் வாய்திறந்து நோக்குவர். இவர்களுக்குப் பின்னே, ஒலிபெருக்கிப் பெட்டியின் நிழலில், நான்கே தந்திகளையுடைய கருவியொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரை அறிவார் இலர். பேஸ் கிட்டார் வாசிக்கும் அவரைக் குறித்தே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அண்மைக்காலமாக அவர் அம்மேடையினின்றும் மெல்ல மெல்ல நீக்கப்பட்டு வருகின்றார். அது முறையன்று என்பது எம் கருத்து.

கருவியை அறியாதார் பொருட்டுச் சில சொல்லுவோம். எம் ஆலயங்களிலே நாற்குரலிற் பாடும் பாடகர் குழுவில், சோப்ரானோ, ஆல்டோ, டெனர் என்பவற்றிற்குக் கீழே பேஸ் என்னும் தாழ்குரல் ஒன்றுண்டு. அத்தாழ்குரலைத் தந்தியில் எழுப்புவதே இக்கருவியின் பணி. மேனாட்டில் முன்னர் இதனை ஆளுயரமான டபுள் பேஸ் என்னும் பெருங்கருவி செய்துவந்தது. அதனைச் சுமந்து திரிதல் அரிதாகலின், அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பார் 1951-இல் மின்னால் ஒலிக்கும் பேஸ் கிட்டாரைச் செய்து விற்பனைக்குக் கொணர்ந்தார். கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளுக்கும் ஒரு ஸ்தாயி தாழ்த்தி இதன் தந்திகளைச் சுருதி கூட்டுவர். அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். செவி கேட்பதற்கு முன்னரே நெஞ்சு உணரும் ஒலி அது. டிரம்ஸின் அடியும் பாட்டின் பண்ணும் ஒன்றையொன்று பற்றாது நின்றவிடத்து, இரண்டனையும் பிணைப்பது இவ்வொலியே.

இங்கிலாந்து முதலிய நாடுகளில் இத்தகைய இசைஞர் வார இறுதியில் மதுச்சாலைகளில் வாசித்துப் பிழைப்பர். நம் நாட்டுச் சிற்றூர்களில் அதற்கு ஈடாவன கோயில் திடலும் திருமண மண்டபமுமே. இவ்வட்டாரத்தில் வாசிப்போருட் பலர்க்கு இசை மட்டுமே தொழிலன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பகல் ஷிப்டு முடித்து, எண்ணெய்க் கறையைக் கழுவிக்கொண்டு, மாலையில் கருவியை இருசக்கர வண்டியிற் கட்டிப் புறப்படுவார் உளர். இரவு ஷிப்டுக்காரராயின் உடன் உழைப்பவரிடம் முறை மாற்றிக்கொள்ளல் வேண்டும். அவர் இணங்காவிடின் கச்சேரி போயிற்று. ஆடியும் ஆவணியும் கைநிறைய வேலை. புரட்டாசியில் கருவி உறையினுள் உறங்கும். தையில் திருமணங்கள் வந்து மீட்கும். 2020-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும் பெருந்தொற்றினால் விழாக்கள் நின்றபோது, ஆலை வேலை இல்லாத இசைஞர்கள் பட்ட பாட்டை அக்குடும்பங்களே அறியும்.

இவ்வெல்லைப்புறத்து மேடைக்கென ஒரு தனி இயல்புண்டு. ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஆந்திர நாடு. இவ்வூர்களில் தெலுங்கு பேசுவோரும் பலர். தொழிற்பேட்டையிலோ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் மிகப் பலர். ஆகவே ஒரே இரவில் தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் இந்திப் பாட்டும் துண்டுச்சீட்டில் எழுதி மேடைக்கு வரும். பாடகர் சொற்களைக் கைப்பேசியிற் பார்த்துப் பாடிவிடலாம். பேஸ் வாசிப்பவர்க்கு எழுதிவைத்த ஏடு இல்லை. எப்பாட்டு எச்சுருதியில் வருமென்று முன்னறியாமல், பாடகியின் குரலுக்கேற்ப அது அரைச்சுருதி இறங்கினாலும் கலங்காமல், நூற்றுக்கணக்கான பாடல்களைக் கைவிரல்களிலே நினைவில் வைத்திருத்தல் வேண்டும். இதனைக் கல்வியென்று கூறாமல் வேறு யாதென்று கூறுவது? தேர்வுக்கு ஐம்பது செய்யுளை மனனஞ்செய்து இளைக்கும் எம்மனோர் இவரைக் கண்டு நாணுதற்கு இடமுண்டு.

இனி, இவரை ஏன் நீக்குகின்றனர் என்பதனைக் காண்போம். ஊரார் மீது பழி கூற யாம் விரும்பவில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி திரட்டி நடத்தும் விழாவில் பந்தலுக்கும் பூவுக்கும் வாணத்துக்கும் போக எஞ்சியதே கச்சேரிக்கு. ஒலிபெருக்கியைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒலிமாசு விதிகள், இரவு பத்து மணிக்கு மேல் அதனை வெளியிடங்களில் பயன்படுத்துதலைத் தடுக்கின்றன. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரையில் அரசு இசைவளிக்கலாம். நெடுநேரம் நடந்த கச்சேரி மூன்று மணி நேரமாகச் சுருங்க, அதற்கேற்பப் பணமும் சுருங்கிற்று. குழுத்தலைவர் கணக்குப் பார்க்கின்றார். வேனில் ஓர் இருக்கை, உணவுப் பொட்டலம் ஒன்று, சம்பளம் ஒன்று ஆகியவற்றைக் குறைக்க வேண்டுமாயின் யாரைக் குறைப்பது? பாடகியைக் குறைத்தல் இயலாது. கீபோர்டிலோ இடக்கையால் பேஸ் ஒலியை எழுப்பிவிடலாம். அன்றேல் முன்னரே பதிந்துவைத்த டிராக்கை ஓடவிடலாம். எனவே நான்கு தந்திக்காரர் வீட்டிலிருக்கின்றார்.

இங்கேதான் கணக்குப் பிழைக்கின்றது. தமிழ்நாட்டு மெல்லிசை மேடையில் மிகுதியும் பாடப்படுவன இளையராஜாவின் பாடல்கள். 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்ததிலிருந்து அவர் அமைத்த பாடல்களில் பேஸ் வெறும் அடிச்சுருதியாக நில்லாது. பாடகர் ஒரு பண்ணைப் பாடிச் செல்ல, கீழே பேஸ் தனக்கென வேறோர் இசைவழியை அமைத்து, அதனோடு ஒருகால் உடன் சென்றும், ஒருகால் எதிர் சென்றும், பாட்டு மூச்செடுக்கும் இடத்தில் தானே முன்வந்து பேசியும் செல்லும். அவர் தம் தமையனார் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடைகளில் வாசித்து, பின் சென்னையில் ஜி. கே. வெங்கடேஷ் போன்றாரிடம் கிட்டார் வாசித்து வளர்ந்தவர். தந்தியின் அருமை அவர்க்குத் தெரியாதா? அவ்விசைவழியைக் கீபோர்டுக்காரரின் இடக்கை வாசிக்குமென்றல், வலக்கையால் வயலின் கூட்டத்தையும் குழலையும் ஒருங்கே வாசித்துக்கொண்டிருப்பவர்க்கு இழைக்கும் கொடுமையாகும். அவர் செய்யக்கூடியது சுரத்தின் அடியை விட்டு விட்டு ஊன்றுவதே. அப்பொழுது பாட்டு நடவாது, ஊன்றுகோலால் தத்தும். கேட்போர் “இன்று கச்சேரி ஏனோ எடுபடவில்லை” என்று கூறி எழுந்து செல்வர். எது குறைந்ததென்று அவர்க்குத் தெரியாது.

தெரியாமைக்குக் காரணமும் உண்டு. நம்மவர் இப்பொழுது பாட்டை மிகுதியும் கைப்பேசியிலே கேட்கின்றனர். விரலளவான அதன் ஒலிபெருக்கி 41 அதிர்வை எழுப்பும் ஆற்றலுடையதன்று. மேலெழும் இசைக்கூறுகளைக் கொண்டு, இல்லாத அடியொலியை எம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். இவ்வாறு பல்லாண்டு பழகிய செவிக்குப் பேஸ் என்பது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே போலத் தோன்றுதல் வியப்பன்று. ஆயினும் திடலில் பெரும்பெட்டிகள் முன் நிற்கும் மக்களுக்கு அவ்வுதவியை மூளை செய்யாது. மேலே எழும் வேறு பேரொலிகளின் நடுவே அடி இல்லையேல் இல்லைதான்.

துணைநிற்கும் ஒலியை இழிவாக எண்ணும் வழக்கம் நம்மிடை இன்று நேற்றுத் தோன்றியதன்று. தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு ஒன்று நெடுநாளாக உறுத்திவருகின்றது. முகமன் கூறித் திரிபவனை நம்மவர் “ஒத்து ஊதுகிறான்” என்பர். “ஜால்ரா போடுகிறான்” என்பர். “தாளம் போடுகிறான்” என்பர். நாகசுரத்திற்கு அடியாதாரமாய் நின்ற ஒத்தும், பாட்டைக் காலத்தில் நிறுத்திய தாளமும் வசைச்சொற்களாயின! பக்கத்தில் நின்று உதவுவோன் எவனும் தன்மானமற்றவன் என்று மொழியே தீர்ப்பெழுதிவிட்டது. நாகசுர மேடையில் ஒத்து ஊதியவர் இடத்தைச் சுருதிப்பெட்டி கைப்பற்றிய போதும் வருந்தினார் சிலரே.

பண்டைப் புலவர் இவ்வாறு எண்ணினாரல்லர். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், நன்னன்பால் பரிசில் பெறச் செல்லும் கூத்தர் கூட்டத்தை அறிமுகஞ் செய்யுங்கால், அவர் பைகளிற் சுமந்து செல்லும் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகின்றார். களிற்றின் நெட்டுயிர்ப்பைப் போல் ஒலிக்கும் நெடுவங்கியமும் அவற்றுள் ஒன்று. இளங்கோவடிகளோ அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலைக் கூறுமுன், இசையாசிரியனும் தண்ணுமையாசிரியனும் குழலாசிரியனும் யாழாசிரியனும் எத்தகைய புலமையுடையார் என்று தனித்தனியே விரித்துரைத்த பின்னரே மேடைக்கு விளக்கேற்றுகின்றார். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெற்றவள் மாதவியே. தண்ணுமையாசிரியனுக்கு எத்துணை கிடைத்ததென்று அடிகள் சொன்னாரல்லர். அஃது அக்காலத்துக் குழுத்தலைவர் அறிவார் போலும்!

இக்குறை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாடல்கள் மிகப் பலவற்றில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். பாடகர் பெயர் உலகெங்கும் பரவியும், 1960-களில் அவர் பெயர் இசைத்தட்டின் உறையில் இல்லை. 1971-இல் மார்வின் கேயின் தொகுப்பொன்றிலேதான் அது சிறப்பித்து அச்சாயிற்று. பீட்டில்ஸ் குழுவில் 1961-இல் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் விலகியபோது, ஏனையோர் விரும்பாத அக்கருவி பால் மெக்கார்ட்னியின் தோளில் வந்து விழுந்தது. நம்மூரில் இளையராஜாவின் பாடல்களுக்கு பேஸ் வாசித்த சசிதரனையும், ஏ. ஆர். ரகுமானின் பாடல்களுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸையும், அப்பாடல்களைத் தினமும் முணுமுணுக்கும் எம் வகுப்புத் தோழர் எத்துணைப்பேர் அறிவர்? பாடினோர் பெயரைக் கேட்டால் உறக்கத்திலும் கூறுவர்.

சம்பளத்திலும் இவ்வேறுபாடு உண்டு. முன்னிற்போர்க்கு ஒரு கணக்கு. பின்னிற்போர்க்கு, கொடுத்தது போக எஞ்சிய கணக்கு. இவ்விடத்து எமக்கு 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகின்றது. அமலேக்கியரைத் தொடர்ந்த தாவீதின் படையில் நானூறு பேர் போருக்குச் சென்றனர். இளைத்துப்போன இருநூறு பேர் பேசோர் ஆற்றண்டையில் மூட்டைகளோடு தங்கினர். வென்று மீண்டபோது, போருக்கு வாராதார்க்குக் கொள்ளையிற் பங்கில்லை என்று சிலர் வழக்காடினர். தாவீது அதற்கு உடன்படாது, சென்றோர்க்கும் மூட்டையண்டையில் இருந்தோர்க்கும் சமபங்கே என்று விதித்து, அதனை இஸ்ரவேலில் நிலையான கட்டளையாக்கினான். நம் நான்கு தந்திக்காரரோ மூட்டையண்டையில் இருந்தாரல்லர், போர்க்களத்திலேயே நின்றார். பாடகர்க்குச் சற்று மிகுதி வேண்டுமாயின் கொடுக்க; கேட்பார் அவரைக் காணவே வருகின்றனர் என்பது மெய். ஆனால் கருவி வாசிப்போருள் ஒருவரை மற்றவரினும் தாழ்த்துதற்கு நியாயம் யாம் காணோம்.

நம் சபையாரிடத்தும் ஒரு சொல். மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கும் இளைஞருட் பலர் முதன்முதல் தந்தியைத் தொட்டது ஞாயிறு ஆராதனையிலே. அவ்வாறு கற்றவர் சனி இரவு அம்மன் கோயில் திடலில் திரைப்பாட்டு வாசித்தார் என்று கேள்வியுற்றவுடன், “உலகப் பாட்டு வாசித்த கையால் ஞானப்பாட்டும் வாசிப்பதா?” என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் சிலர் உளர். ஆலையில் இரும்பு உருக்கிய கையால் காணிக்கை இடலாமாயின், கூலிக்குத் தந்தி மீட்டிய கை மட்டும் தீட்டாவது எங்ஙனம்? அத்திடலில் அவரை அழைத்து, இலையிட்டு உணவளித்து, வேற்றுமதத்தவர் என்று ஒதுக்காமல் மேடையேற்றிய ஊரார் பெருந்தன்மையை யாம் பாராட்டாமலிருத்தல் இயலாது.

விழாக்குழுவினரை யாம் வேண்டுவன இரண்டே. கச்சேரிக்கு ஒப்பந்தம் பேசும்பொழுது, பேஸ் வாசிப்பவர் வருவாரா என்று ஒரு சொல் கேட்டு, வருவாராயின் அதற்குரிய தொகையைச் சேர்த்துப் பேசுக. மற்றொன்று, சாலையோரம் கட்டும் பதாகையில் இசைஞர் அனைவர் பெயரையும் அச்சிடுக. அதற்கு இடமில்லை என்பார் உளராயின், அப்பதாகையைச் சற்றே அண்ணாந்து நோக்குக. மேலே தலைவர்கள், கீழே விழாக்குழுவினர், அவர்தம் மக்கள், மைத்துனர் ஆகியோரின் நிழற்படங்கள் வரிசை வரிசையாய் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கும். அவற்றுள் ஒரு மைத்துனரை எடுத்துவிட்டால் ஆறு பெயர் எழுத இடம் கிடைக்கும்.