பழுது பிளேயரில் இல்லை

பாட இறுவட்டு ஓடவில்லை என்று வந்து சொல்லும் பெற்றோரை, "உங்கட பிளேயர் பழசு, புதுசு வாங்குங்க" என்று திருப்பி அனுப்பும் பழக்கத்தை ஆசிரியர்களாகிய நாம் இனியாவது விட வேண்டும்.

வீட்டில் கணினியும் டேட்டாவும் இல்லாத பிள்ளைக்காகத்தானே இறுவட்டே கொடுக்கிறோம்? அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் புது மெஷின் வாங்கச் சொல்வது என்ன நியாயம்?

சாதாரண டிவிடி பிளேயர் எம்பெக்-2 வீடியோவுக்காகச் செய்யப்பட்டது. போனில் எடுக்கும் எம்பி4 பெரும்பாலும் எச்.264. அதை அப்படியே டிஸ்க்கில் பதிந்து கொடுத்தால் எப்படி ஓடும்? பைலின் பெயரை ஏவிஐ என்று மாற்றிவிட்டு, "கன்வர்ட் பண்ணியாச்சு" என்று காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். போத்தலின் லேபலை மாற்றினால் மண்ணெண்ணெய் தேங்காயெண்ணெய் ஆகிவிடுமா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிவிடி தயாரிக்கும் மென்பொருளில், நம் நாட்டு பிஏஎல் முறைப்படி, 720×576 அளவில், வினாடிக்கு 25 பிரேம் வைத்து மாற்றுங்கள். ஒலி ஏசி3 ஆக இருக்கட்டும். டிஸ்க்கில் 'வீடியோ_டிஎஸ்' போல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிந்து முடிந்ததும் பைனலைஸ் பண்ணுங்கள். பழைய பிளேயர் ஒன்றில் போட்டுப் பார்த்த பிறகே மற்றப் பிரதிகளை எடுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்கள். மாற்றுவது ஒரே ஒரு தடவைதான். மிச்சமெல்லாம் வெறும் பிரதி.

"இறுவட்டுகள் வழங்கப்பட்டன" என்று அறிக்கையில் எழுதுவது இலகு. பிள்ளை பாடத்தைப் பார்த்ததா என்று யார் கேட்கிறார்கள்?