கம்ப்யூட்டர் என்னும் கள்ள மரக்கால்

கூலி நெல்லை அளக்கும் மரக்கால் யார் கையில் இருக்கிறது? அதைச் சரிபார்க்கும் உரிமை யாருக்கு? கள்ள மரக்காலை எதிர்த்துப் போராடிய தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. இன்று மரக்காலின் இடத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை!

ஒரு கம்ப்யூட்டர் திட்டத்தை விலைக்கு வாங்குமுன் கடைசியாக ஒரு பரீட்சை உண்டு. அதில் அன்றாடம் வேலை செய்யப் போகிறவர்கள், தங்கள் வேலையை அதில் செய்து பார்க்க வேண்டும். சரியென்றால் ஏற்க வேண்டும், தவறென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கு உபயோகிப்பாளர் ஏற்புச் சோதனை என்று பெயர். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஏற்புக் கையெழுத்தைப் போடுவது யார்?

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். சர்க்காருக்குச் சொந்தமான போஸ்ட் ஆபீஸ் நிறுவனம், கிளைகளின் கணக்கைக் கவனிக்க ‘ஹொரைசன்’ என்ற திட்டத்தை வாங்கியது. செய்து கொடுத்தது ஜப்பானிய ஃபுஜிட்சுவின் கையிலிருந்த ஐ.சி.எல். கம்பெனி. 1999ல் சில கிளைகளில் ஓட்டிப் பார்த்தபோதே கணக்கு ஒழுங்காக நிற்கவில்லை என்ற குறை சோதனைப் பட்டியலில் ஏறியது. அது முற்றும் தீருமுன்னரே, செப்டம்பரில், நிர்வாகம் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டது. கிளைகளை நடத்திய சப்-போஸ்ட்மாஸ்டர்களுக்கோ அந்தக் கையெழுத்தில் பங்கில்லை.

விளைவு என்ன? தொலையாத பணம் தொலைந்ததாக யந்திரம் காட்டியது. துண்டு விழுந்ததை அவர்களே கட்ட வேண்டும் என்றது நிர்வாகம். கைப்பணத்தைப் போட்டார்கள், வீட்டை இழந்தார்கள். புகார் சொன்னவர்களிடம், வேறு யாருக்கும் இப்படி இல்லையே என்று பதில் வந்தது. 900க்கு மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். குற்றமற்றவர்கள் சிறை சென்றனர்!

தனித்தனியே நின்றவரை அவர்கள் திருடர்கள். ஆலன் பேட்ஸ் முன்னின்று திரட்ட, 555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்காடினர். திட்டத்தில்தான் கோளாறு என்று 2019ல் நீதிமன்றம் கூறியது. 2024ல் பார்லிமெண்டே சட்டம் இயற்றி நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்தது. போன இருபது வருஷத்தை எந்தச் சட்டம் திருப்பிக் கொடுக்கும்?

“தொழிலாளிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்பார்கள். தராசை வார்க்கத் தெரியாதவனுக்கும் தான் சுமந்த மூட்டையின் கனம் தெரியும். தான் செய்த வேலையை அறிந்தவனே அதை அளக்கும் கருவிக்குச் சரியான பரீட்சகன்.

மில்லில் வருகையைப் பதிகிற யந்திரமானாலும், ரேஷன் கடையில் கைரேகை பார்க்கிற யந்திரமானாலும் நமது கோரிக்கை இதுவே: அதை உபயோகிப்போரின் பிரதிநிதிகள் சோதித்துக் கையெழுத்திடாமல் எந்த யந்திரமும் ஓடக்கூடாது! தகராறு தீரும்வரை கூலியிலோ அரிசியிலோ கை வைக்கக்கூடாது! யந்திரம் சொன்னது மட்டுமே சாட்சியாகாது. தவறில்லை என்று நிரூபிக்க வேண்டியது நிர்வாகமே!

யந்திரத்தின் மீது நமக்குப் பகை இல்லை. சரிபார்க்க விடாத மரக்காலை ஏற்கமாட்டோம், அவ்வளவுதான்.