ஆடித்தபசுக்கு ஸ்க்ரூ, பொங்கலுக்குப் பல்: ஒரே லீவில் இம்ப்ளான்ட் முடியுமா?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்வார்கள். சிங்கப்பூர், துபாய், மஸ்கட் என்று எங்கிருந்து வந்தாலும் லீவு மூன்று வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். அதற்குள் முடிக்க வேண்டிய வேலைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கும். கோமதி அம்மன் தரிசனம், ஆதார் திருத்தம், பேங்க் கணக்கு, வீட்டு மராமத்து. சமீப வருடங்களில் அந்தப் பட்டியலின் கடைசியில் இன்னொன்றும் ஏறியிருக்கிறது. “அப்படியே பல்லையும் கட்டிக்கிட்டுப் போயிடலாம்.”

கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது நியாயம்தான். அமெரிக்காவில் ஒரே ஒரு பல்லுக்கு இம்ப்ளான்ட் வைத்து மேலே கேப் போட 3,000 முதல் 5,000 டாலர் வரை ஆவது சாதாரணம். நம் ரூபாயில் இரண்டரை லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் அதே வேலை பொதுவாக 20,000 முதல் 50,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வளைகுடாவில் கம்பெனி கொடுக்கும் இன்சூரன்ஸ் அட்டைகள் பலவற்றில் பல் சிகிச்சையே இருக்காது. இருந்தாலும் இம்ப்ளான்ட் இருக்காது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையும் அரிதான சில காரணங்களுக்கு மட்டுமே இம்ப்ளான்ட் வைக்கும்.

பல்லுக்காக எல்லை தாண்டுவது தமிழர்கள் மட்டும் செய்யும் காரியமும் அல்ல. அமெரிக்கர்கள் மெக்சிகோ எல்லையில் இருக்கும் லாஸ் அல்கோடோனெஸ் என்ற சின்ன ஊருக்குப் போகிறார்கள். தெருவுக்குத் தெரு பல் கிளினிக் இருப்பதால் அந்த ஊருக்குக் ‘கடைவாய்ப்பல் நகரம்’ என்றே பட்டப்பெயர். ஐரோப்பியர்களுக்கு ஹங்கேரி, துருக்கி. சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பாலம் தாண்டினால் ஜோகூர் பாரு. சங்கரன்கோவில்காரருக்கு ஒரு வசதி கூடுதல்: அவர் போவது அந்நிய ஊருக்கு அல்ல, சொந்த வீட்டுக்கு.

சிக்கல் பணத்தில் இல்லை, நாளில் இருக்கிறது.

எலும்புக்கு லீவு கணக்கு தெரியாது

இம்ப்ளான்ட் என்பது பல் அல்ல, பல்லுக்கான வேர். டைட்டானியத்தில் செய்த சின்ன ஸ்க்ரூவைத் தாடை எலும்புக்குள் இறக்கிவிட்டு, அது எலும்போடு ஒட்டிப் பிடித்த பிறகு அதன்மேல் பல்லைப் பொருத்துகிறார்கள். அந்த ஒட்டுதல்தான் முழு வைத்தியத்துக்கும் அஸ்திவாரம்.

இதைக் கண்டுபிடித்தவர் பல் டாக்டர்கூட இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரனேமார்க் 1952-ல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியைக் கழற்றப் பார்த்தால் அது வரவில்லை. எலும்பு அதை விடவில்லை. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் முதன்முதலாக டைட்டானிய ஸ்க்ரூக்களை வைத்தார். 2006-ல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவை அவர் வாயில் நின்று உழைத்தன.

நாற்பது வருடம் நின்றதற்கு ஸ்க்ரூவின் தரம் மட்டும் காரணமில்லை. எலும்பு பிடிக்கும்வரை அதன்மேல் பாரம் ஏற்றாமல் காத்திருந்ததும் காரணம். பிரனேமார்க் வகுத்த முறையில் கீழ்த்தாடைக்குச் சுமார் மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம்வரை காத்திருக்க வேண்டும். மேல்தாடை எலும்பு கொஞ்சம் மென்மையானது. புது கான்கிரீட்டுக்கு முட்டுப் பிரிக்க நாள் கணக்கு வைத்திருப்பது போலத்தான். அவசரப்பட்டு முட்டைப் பிரித்தால் என்ன ஆகும் என்று எந்தக் கொத்தனாரும் சொல்லுவார்.

இன்றைய ஸ்க்ரூக்களின் மேற்பரப்பு மேம்பட்டிருக்கிறது. காத்திருக்கும் காலம் பலருக்குக் குறைந்திருக்கிறது. எலும்பு கெட்டியாக இருந்து, ஸ்க்ரூ இறங்கும்போதே இறுகப் பிடித்தால், சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. அது உண்மையான வைத்திய முறைதான். ஆனால் யாருக்கு அது ஒத்துவரும் என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விமான டிக்கெட்டைப் பார்த்து அல்ல. ‘மூன்றே நாளில் நிலையான பல்’ என்று பெரிய ஊர்களில் போர்டு வைக்கிறவர்கள் இந்த ‘யாருக்கு’ என்பதைப் போர்டில் எழுதுவதில்லை.

பல் போய் ரொம்ப நாள் ஆனவர்களுக்கு இன்னொரு சங்கடம். பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு சுருங்க ஆரம்பிக்கும், அதிலும் முதல் வருடத்தில்தான் வேகமாக. ‘அடுத்த லீவுல பாத்துக்கலாம்’ என்று மூன்று நான்கு லீவு தள்ளிப்போட்டவருக்கு ஸ்க்ரூ பிடிக்க எலும்பே போதாமல் போகலாம். அப்போது எலும்புத் தூள் வைத்துக் கட்ட வேண்டும். அது தனிச் செலவு, தனிக் காத்திருப்பு. மேல் கடைவாய்ப் பக்கம் சைனஸ் அறையை உயர்த்தி எலும்பு வைத்தவர்களை உடனே விமானம் ஏற வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். இருபது நாள் லீவில் வந்தவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், சிகரெட் பிடிப்பவர்களுக்கும் ஸ்க்ரூ பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். ஒழுங்காக வைத்துப் பராமரித்தால் பத்து வருடம் கழித்தும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நிற்கிற வைத்தியம் இது. அந்தத் தொண்ணூறில் சேருவதற்கு சர்க்கரையைக் குறைக்க ஊருக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். விமானம் இறங்கி மறுநாள் ரத்தப் பரிசோதனை செய்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

உப்புத் தண்ணீர் பாட்டிலில் வந்த வினை

2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 8 பேர் மூளைத் தொற்றால் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி., இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், தமிழகப் பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய விசாரணை 2025-ல் வெளியானது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, திறந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சலைன் பாட்டில் வழியாகப் பரவியிருக்கிறது. ஈறைப் பிரிக்கும் கருவியைக் கொண்டே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு சரியாக மூடாமல் அடுத்த நோயாளிக்கு வைத்திருக்கிறார்கள்.

இம்ப்ளான்டுக்கும் சலைனுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. எலும்பைத் துளைக்கும்போது சூடு ஏறினால் எலும்பு செத்துவிடும். செத்த எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்காது. அதனால் துளைக்கிற நேரம் முழுக்கச் சலைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு புது பாட்டில் என்பது சில பத்து ரூபாய் சமாச்சாரம். ‘பாட்டிலை என் முன்னாலேயே பிரிங்க டாக்டர்’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒழுங்கான டாக்டர் அதைக் கேட்டுக் கோபப்படவும் மாட்டார். விலையை வைத்து இந்த விஷயத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது, ஏ.சி. ஹாலும் கண்ணாடிக் கதவும் கொதிகலனுக்குச் சாட்சி அல்ல.

ஆடினால் யாரிடம் போவது?

ஒருவர் சங்கரன்கோவிலிலோ திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஸ்க்ரூ வைத்துக்கொண்டு துபாய் திரும்புகிறார். எட்டு மாதம் கழித்து மேலே இருக்கும் கேப் லேசாக ஆடுகிறது. பெரும்பாலும் சின்ன விஷயம்தான், உள்ளே இருக்கும் குட்டி ஸ்க்ரூவை இறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் அங்கிருக்கிற டாக்டர் முதலில் கேட்பது, “எந்தக் கம்பெனி?” என்றுதான். சுவிட்சர்லாந்து, ஸ்வீடன், கொரியா, இந்தியா என்று பல நாட்டுத் தயாரிப்புகள் சந்தையில் இருக்கின்றன. ஒன்றின் இணைப்பும் திருகுச் சாவியும் இன்னொன்றுக்குச் சேராது. “டைட்டானியம்னு சொன்னாங்க” என்ற பதிலை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இறுக்க வேண்டிய ஸ்க்ரூவுக்காகக் கேப்பையே உடைக்க வேண்டி வரலாம்.

ஸ்க்ரூ வருகிற பெட்டியிலேயே கம்பெனி பெயர், அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை ஒட்டி ஒரு அட்டை கொடுக்க டாக்டருக்கு ஒரு நிமிடம் ஆகும். பல கிளினிக்குகள் கேட்டால்தான் கொடுக்கின்றன. கேட்க வேண்டும் என்பதே நோயாளிக்குத் தெரியாது. பழைய ஃபிரிட்ஜுக்கே வாரண்டி கார்டைப் பீரோவில் பூட்டி வைக்கிற ஊரில், வாழ்நாள் முழுக்க எலும்புக்குள் இருக்கப் போகிற பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. இந்த அட்டையை அரசே கட்டாயமாக்கலாம். மருத்துவமனைகளுக்கான பதிவுச் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே இருக்கிறது. பல் கிளினிக்குகளும் அதில் பதிய வேண்டியவைதான். ஒரு விதியைச் சேர்ப்பது பெரிய காரியம் அல்ல.

பில்லும் அதே மாதிரி. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. புகாரை இப்போது ஆன்லைனிலும் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். ஆனால் ‘பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் குறைச்சுக்கிறோம்’ என்றதும் தலையாட்டியவர் எதைக் காட்டிப் புகார் கொடுப்பார்?

ஊரிலேயே இருக்கிறவர்கள்

வெளிநாட்டுக்காரருக்கு மலிவாகத் தெரிகிற 30,000 ரூபாய், சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவருக்கு ஒரு மாதக் கூலியைத் தாண்டிய தொகை. லீவில் வந்த தம்பி இரண்டு ஸ்க்ரூ வைத்துக்கொண்டு போகிற அதே வீட்டில், கடைவாய்ப்பல் ஒன்றுகூட இல்லாமல் சோற்றைக் குழையப் பிசைந்து முழுங்குகிற அப்பா இருப்பார். அவருக்கு இம்ப்ளான்ட் வேண்டும் என்றுகூட இல்லை. நன்றாக அளவெடுத்துச் செய்த பல்செட் போதும். பக்கத்தில் கேரளத்தில் ஏழை முதியோருக்கு இலவசமாகப் பல்செட் கட்டிக் கொடுக்க ‘மந்தஹாசம்’ என்று ஒரு அரசுத் திட்டமே இருக்கிறது. புளியரை தாண்டினால் கிடைப்பது இந்தப் பக்கமும் கிடைக்கலாம். தமிழ்நாட்டின் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும், 2023-ல் தொடங்கிய புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் ஒன்றும் இல்லை. பல்செட்டுக்கு நாலைந்து தடவை அளவு பார்க்கப் போக வேண்டும். புதுக்கோட்டைக்கு நாலைந்து தடவை எந்தப் பெரியவர் போவார்?

லீவில் வருகிறவருக்கும் எல்லா இடத்திலும் இம்ப்ளான்ட்தான் என்று இல்லை. இரண்டு பக்கமும் பலமான பல் இருந்து, அவற்றில் ஏற்கெனவே கேப் போட வேண்டிய நிலை என்றால், பிரிட்ஜ் போட்டு இரண்டு வாரத்தில் முடித்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். ஆனால் பக்கத்துப் பற்கள் பழுதில்லாமல் இருந்தால் அவற்றைச் செதுக்குவதைவிட இம்ப்ளான்டுக்குக் காத்திருப்பது மேல். நல்ல டாக்டரை இங்கேதான் அடையாளம் காணலாம். அவர் எடுத்த எடுப்பில் விலை சொல்ல மாட்டார். “எத்தனை நாள் லீவு அண்ணாச்சி? அடுத்து எப்ப வருவீங்க?” என்றுதான் கேட்பார்.

அந்தக் கேள்விக்குச் சங்கரன்கோவில்காரரிடம் நல்ல பதில் உண்டு. ஆடித்தபசுக்கு வரும்போது ஸ்கேன் எடுத்து, ஸ்க்ரூ வைத்து, தையல் பிரித்துவிட்டுப் போகலாம். தைப் பொங்கலுக்கு வரும்போது பல்லைப் பொருத்திக்கொள்ளலாம். நடுவில் ஐந்தரை மாதம். பொங்கலுக்கு லீவு கிடைக்காவிட்டால் அடுத்த ஆடிக்குக் கட்டினாலும் ஸ்க்ரூவுக்குச் சேதமில்லை. தற்காலிகப் பல்செட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டால் போதும்.