‘இனி என்னால முடியாது’ன்னு தோணுதா? வேலூர் டாக்டர் மேரி வர்கீஸைத் தெரிஞ்சுக்கோங்க!

வெள்ளானூரில் எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். டிப்ளமோ படிக்கிறாள். நாலு பேப்பர் அரியர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், போன வாரம் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, சர்ச்சுக்குப் போகலையா?”

“எவ்வளவு ஜெபம் பண்ணியும் ஒண்ணும் நடக்கலக்கா. நான் எதுக்கும் லாயக்கில்ல.”

‘அப்படியெல்லாம் சொல்லாதே’ என்று சொல்ல வாய் வந்தது. அந்த வார்த்தையால் யாரும் தேறி நான் பார்த்ததில்லை. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமாக நடந்த ஒரு கதையைச் சொன்னேன். நான் தினமும் ஆவடியில் ரயில் ஏறுகிற அதே பாதையில் அரக்கோணம் தாண்டிப் போனால் காட்பாடி வரும். அங்கே இறங்கினால் வேலூர். கதை நடந்தது அங்கேதான்.

மேரி வர்கீஸ் 1925-ல் கொச்சியில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி-யில் படித்து, அங்கேயே டாக்டரானவர். மகளிர் மருத்துவத்தில் பெரிய ஆளாக வர வேண்டும் என்பது அவர் ஆசை. 1954 ஜனவரியில், சக டாக்டர்களோடு போன வண்டி விபத்தில் சிக்கியது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

மேரிக்குக் கடவுள் நம்பிக்கை அதிகம். கடவுள் தன்னைப் பழையபடி நடக்க வைப்பார் என்று உறுதியாக நம்பினார். அதனாலேயே சக்கர நாற்காலியில் வாழப் பழகலாம் என்று யாராவது சொன்னால் மறுத்தார். அதற்குச் சம்மதிப்பது கடவுளைச் சந்தேகப்படுவது போல அவருக்குத் தோன்றியது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘எல்லாம் பழையபடி ஆகணும், இல்லைன்னா நான் ஒண்ணுமே இல்லை’ என்கிற எண்ணம் நம்மில் பலருக்கும் வரும். சில நேரம் அது நம்பிக்கை மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும். உள்ளே இருப்பது என்னவோ தோல்விதான்.

சி.எம்.சி-யில் அப்போது டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாரை இடம் மாற்றி வைத்து மறுபடி வேலை செய்ய வைத்தவர். அவர் மேரிக்கு ஆறுதல் சொல்வதோடு நிற்கவில்லை. கையில் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம், நீங்கள் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். மேரியின் கால்கள்தான் போயிருந்தன. கைகளும் படிப்பும் அப்படியே இருந்தன.

சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். தன்னால் நடக்க முடியாதவர், மற்றவர்களின் கைகளை இயங்க வைத்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்தார். 1966-ல் வேலூரில், தன்னைப் போல முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் உருவாக அவர்தான் முக்கியக் காரணம். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் காலமானார்.

கடைசி வரை அவர் நடக்கவில்லை. கேட்ட ஜெபம் கேட்டபடி நிறைவேறவில்லை. ஆனாலும் விசுவாசம் போய்விடவில்லை. ‘என்னை நடக்க வையும்’ என்ற வேண்டுதல், ‘இருப்பதை வைத்து நான் என்ன செய்ய?’ என்ற கேள்வியாக மாறியது.

கதை முடிந்ததும், “பைபிள்ல எலியாவும் இப்படித்தானேக்கா?” என்றாள் அவளே. எலியா தீர்க்கதரிசி, ‘போதும், சாகணும்’ என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிடுவார். தேவதூதன் வந்து திட்டவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பாடு. அடுத்து என்ன வேலை என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நாங்கள் அரியர் பேப்பர்களை எண்ணினோம். நாலில் ரெண்டு கணக்கு. ஒர்க்‌ஷாப்பில் அவள்தான் கிளாஸ் ஃபர்ஸ்ட் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. “எதுக்கும் லாயக்கில்ல” என்பதை “கணக்குக்கு ஆள் வேணும்” என்று மாற்றிக்கொண்டோம். ரெண்டாவதுக்கு வழி இருக்கிறது: டியூஷன்.

நேற்று ராத்திரி பத்தரை வரை அவள் ரூமில் லைட் எரிந்தது. படித்தாளா, ரீல்ஸ் பார்த்தாளா, தெரியாது. காலையில் அதைக் கேட்கவில்லை. “வாடி, டீ குடிக்கலாம்” என்றுதான் கூப்பிட்டேன். உங்கள் தெருவிலும் யாராவது இப்படி வாசற்படியில் உட்கார்ந்திருக்கலாம். முதலில் டீக்குக் கூப்பிடுங்கள்.

(வாழவே வேண்டாம் என்கிற அளவுக்கு மனசு சோர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416 அல்லது 104 எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். உதவி கேட்பது விசுவாசக் குறைவு இல்லை.)