வாயு பகவான் எத்தனை மில்லிபார்?

"காற்று ஏன் வீசுகிறது?" என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். பட்டென்று எழுந்தான் ஒரு மாணவன்: "வாயு பகவான் மூச்சு விடுகிறார், ஐயா!" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டி சொன்னாள், பூசாரி சொன்னார், கதாகாலட்சேபக்காரர் சொன்னார், பிள்ளை ஒப்புவித்தான். பிழை அவனுடையதா?

தோழர்களே! வடமேற்கு மூலை வாயுவின் மூலை என்று வாஸ்து பேசிக் காசு பார்ப்போர் இன்றும் உண்டு. ஆடிக்காற்றோ பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் மேற்கிலிருந்து புகுந்து வருகிறது! பகவானுக்குத் தம் மூலை மறந்துவிட்டதா? வடக்கே பிறந்தால் வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை என்று பெயரிட்ட பழந்தமிழன், கண்டு பெயரிட்டான். காணிக்கை வாங்கிக்கொண்டு அல்ல.

காற்றுக்கு எடை உண்டு. என் வகுப்பறை ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரம். அதனுள் அடைந்திருக்கும் காற்று ஏறத்தாழ 140 கிலோ! அந்த எடைதான் அழுத்தம். இதை 1644-இலேயே பாதரசக் குழாய் கொண்டு விளக்கினார் இத்தாலியின் டாரிசெல்லி. வெயிலில் நிலம் கடலினும் விரைந்து சூடேறுகிறது. மேலுள்ள காற்று விரிந்து எழுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் மிகுந்த கடற்புறத்திலிருந்து காற்று ஓடி வருகிறது. மே மாதப் பிற்பகலில் சென்னைக்குக் குளிர்ச்சி தரும் கடற்காற்றின் கதை இவ்வளவே.

அப்படியானால், தாழ்வழுத்தத்தை நோக்கி நேராகப் பாயவேண்டிய காற்று, புயலில் ஏன் சுழல்கிறது? நல்ல கேள்வி. பூமி சுழல்கிறது, அதனால் வடகோளத்தில் ஓடும் காற்று வலப்புறம் விலகுகிறது. பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835-இல் கணக்கிட்டுக் காட்டிய விளைவு இது. அழுத்தம் உள்ளே இழுக்க, சுழற்சி விலக்க, நிலமும் அலையும் உராய்ந்து தடுக்க, இம்மூன்றின் இழுபறியில் காற்று இடஞ்சுழியாய்ச் சுற்றிச் சுற்றி நடுவை நெருங்குகிறது. ஆகவே, வடகோளத்தில் புயற்காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். தாழ்வு உங்கள் இடக்கைப்புறம் இருக்கும். எந்த மந்திரம் இதைச் சொல்லித் தந்தது?

இது ஏட்டுச் சண்டையன்று, உயிர்ச் சண்டை. கடல்மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013 மில்லிபார். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய புயலின் நடுவே அது 912-க்கு இறங்கியது. மாண்டோர் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். எச்சரிக்கை இருந்தது, ஏழைகள் ஓடி ஒதுங்கப் போதிய புகலிடம் இல்லை! பின்னர் கரையோரமெங்கும் புகலிடங்கள் எழுந்தன. 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியபோது, முன்கூட்டியே இலட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் நூறு பேரைக்கூட எட்டவில்லை.

எந்த யாகம் ஒரு மில்லிபாரையேனும் உயர்த்தியது? குடமுழுக்குக்குக் குவியும் பணத்தில், கடலோரக் குப்பங்களுக்கு எத்தனை புகலிடம் எழுப்பலாம்! கேட்டால், "அழுத்தத்தைப் படைத்தவர் யார்?" என்று மடக்குகிறார்கள். அதற்குரிய விடையை என் மாணவனே மறுவாரம் எழுந்து சொன்னான்: "வெயில், ஐயா!"